அர்த்தநாரிக்கு ஏழு நாள் அவகாசம்

கையில் கிடைக்கிற அதிகாரம் எவ்வளவு சின்னதோ, அவ்வளவு முனைப்பாக மனிதன் அதைச் செலுத்துவான். கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றுகிறவரைப் பாருங்கள். வாளி கையில் இருக்கிற அரைமணி நேரம் அவர் நம்மைப் பார்ப்பாரா மாட்டாரா என்பது அவர் சித்தம். எனக்கு வாய்த்தது அதைவிடச் சின்ன வாளி. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் இருக்கும் கலைக்களஞ்சியம் ஒன்றில் நான் சம்பளமில்லாத தொகுப்பாளனாக இருந்தேன். அங்கே ‘மீளமை’ என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால், இன்னொருவர் மெனக்கெட்டு எழுதியது காணாமல் போய், அதற்கு முன்பு இருந்தது திரும்பி வந்துவிடும். அந்தப் பொத்தானை வைத்துக்கொண்டு என் மனைவியின் அண்ணனை மூன்று வாரம் அவமானப்படுத்தினேன். அவர்தான் என்று தெரியாது. (தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.)

சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம். எங்கள் சொந்தத்தில் எல்லோரும் ஏற்கனவே சிரித்துவிட்டார்கள்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. நாமக்கல் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியர். குடியிருப்பு ராசிபுரத்தில். வசன கவிதைகள் எழுதுவேன். மழையைப் பற்றி, மழை வராததைப் பற்றி, மழை வந்தும் நான் வெளியே போகாததைப் பற்றி. இரண்டு தொகுப்புகள் வந்தன. இரண்டும் கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டியில் இருந்தன. கட்டில் ஆடாமல் நின்றதற்கு அவைதான் காரணம் என்று என் மனைவி கோகிலா சொல்வாள்.

கலைக்களஞ்சியத்தில் என் பெயர் ‘மெய்யறிவன்’. அங்கே நான் பெரிய ஆள். பயனர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசவேண்டும் என்று அங்கே ஒரு விதிப்பக்கம் உண்டு. மொழிபெயர்ப்பு நெடி அடித்துக் கிடந்த அந்தப் பக்கத்தை உட்கார்ந்து திருத்தி எழுதியவன் நான்தான். ‘எதிரில் இருப்பவர் நல்லெண்ணத்தோடுதான் வந்திருக்கிறார் என்று முதலில் நம்புங்கள்; சொல் ஒரு விளக்கு, அதனால் யாரையும் சுடாதீர்கள்.’ இப்படியெல்லாம் எழுதியிருந்தேன். பலர் பாராட்டினார்கள். பாராட்டியவர்கள் யாரும் நான் தொகுக்கும் பக்கங்களுக்கு வந்து மாட்டியதில்லை.

மே மாதம், பள்ளி விடுமுறை. வெயில் சிமெண்டு ஓட்டைத் துளைத்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், ஆழ்துளைக் கிணறு பற்றிய கட்டுரையில் யாரோ ஒரு பத்தி சேர்த்திருப்பதைப் பார்த்தேன். பயனர் பெயர் ‘ஆயிரம்அடி’. புதியவர். எழுதியிருந்தது இது:

“போர் போடறப்ப ராடு அத்துக்கிட்டு ஹேமரு குழிக்குள்ளயே நின்னுபோச்சுன்னா முன்னெல்லாம் அந்தக் குழியை மூடிப்போட்டுப் போயிருவாங்க. அர்த்தநாரிங்கற டிரில்லரு லாரி ஸ்பிரிங் பட்டையை நாலு துண்டா வெட்டி, பைப்புக்குள்ள சாய்வா வெல்டிங் வெச்சு ஒரு பிடி செஞ்சாரு. எறங்கறப்ப வழி உடும், தூக்கறப்ப கவ்விக்கும். அதுக்கு நாரிப்பிடின்னு பேரு. இன்னிக்கு நம்ம ஊரு ரிக் வண்டி எந்த மாநிலத்துல ஓடுனாலும் அதுல ஒண்ணு கெடக்கும். செஞ்சவரு பேரு யாருக்கும் தெரியாதுங்க.”

இன்று படித்தால், என் இரண்டு தொகுப்புகளிலும் இல்லாத ஒன்று இந்தச் சில வரிகளில் இருப்பது தெரிகிறது. ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. அன்று எனக்குத் தெரிந்தது ‘தெரியாதுங்க’ மட்டும்தான். கலைக்களஞ்சியத்தில் ‘ங்க’வா! மீளமை. ‘சான்றில்லை. நடையில்லை’ என்று காரணம் எழுதிவிட்டு மோர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் பத்தி மறுபடியும் இருந்தது. அழித்தேன். மறுபடி வந்தது. மூன்றாம் முறை அழித்தபின், உரையாடல் பக்கத்தில் ஆயிரம்அடி எழுதினார்.

“வணக்கமுங்க. நான் எழுதுனதைக் காணமுங்க. என்ன தப்புன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவனுங்க.”

வரவேற்க வேண்டிய இடம். நான் எழுதிய விதிப்பக்கமே அப்படித்தான் சொல்கிறது. நான் எழுதினேன்: “மதிப்பிற்குரிய பயனருக்கு, நம்பகமான வெளியீட்டில் அச்சான சான்று இன்றி எதையும் இங்கு சேர்க்க இயலாது.” (‘மதிப்பிற்குரிய’ என்ற சொல்லைப் போல வசதியான செருப்பு தமிழில் வேறில்லை. அடித்த சத்தமே வெளியே வராது.)

“சான்றுங்களா? நானே கூட இருந்தனுங்க. ரெண்டு கண்ணாலயும் பாத்தனுங்க.”

“தங்கள் கண்கள் நம்பகமான வெளியீடு அல்ல.”

இந்த வாக்கியத்தின் அழகில் நானே மயங்கிவிட்டேன். கோகிலாவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“யாரு கண்ணுங்க?”

“யாரோ ஒருத்தன்.”

“அவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதாமா?”

“தெரியும்போல.”

“அப்பறம் என்னுங்க?”

கொள்கை புரியாதவர்களோடு பேசிப் பயனில்லை என்று உள்ளே வந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து மச்சானிடமிருந்து போன். கோகிலாவின் அண்ணன் தங்கவேலு. முப்பது வருடம் ரிக் வண்டியில் டிரில்லராக ஊர் ஊராகப் போய்விட்டு வந்தவர். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் புது வீடு கட்டி முடித்திருந்தார். அவர் போனில் பேசினால் நான் ‘ம்’ போட்டுக்கொண்டே வேறு வேலை பார்ப்பேன். அன்று பார்த்துக்கொண்டிருந்த வேலை, ஆயிரம்அடிக்கு எச்சரிக்கை எழுதுவது.

“மாப்ள, பத்திரிகை அடிக்கக் குடுக்கறனுங்க. உங்க பேரை எப்படிப் போடறது?”

“முன்னால கவிஞர்னு போட்டுருங்க மச்சான். பின்னால எம்.ஏ., பி.எட்.”

“ஆகட்டுங்க. அப்பறம் மாப்ள, ஒரு ரோசனை கேக்கோணும். நான் சொல்ற ஒரு சேதியை ஒருத்தன் நம்பவே மாட்டேங்கறான். சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். படிச்ச ஆளாட்டத்தான் இருக்கறான். என்ன பண்ணலாங்க?”

“ம்” என்றேன், எச்சரிக்கையில் ஒரு கமாவைச் சரிசெய்தபடி. “அப்படிப்பட்டவனுக்கெல்லாம் அச்சுல காட்டோணுங்க மச்சான். அச்சுல வந்துட்டா வாயை மூடிக்குவான்.”

“அச்சுலயா?” என்றார் மச்சான். “அட, ஆமாங்க மாப்ள! இதுக்குத்தான் படிச்ச மாப்ளை வேணுங்கறது.”

அடுத்த வாரம் மச்சானும் அவர் மனைவியும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொண்டுவந்து அழைத்தார்கள். அவர்கள் வாசல் தாண்டும் முன்பே நான் உறையைப் பிரித்துப் பார்த்தேன். தங்கள் நல்வரவை விரும்பும் பட்டியலில் ஏழாவதாகக் ‘கவிஞர் க. மாதேஸ்வரன், எம்.ஏ., பி.எட்.’ புள்ளி, கமா எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வேறு எதையும் பார்க்கவில்லை. பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தேவைப்படவில்லை.

அன்று மாலையே ஆயிரம்அடி ‘நாரிப்பிடி’ என்று தனிக் கட்டுரை தொடங்கினார். அடியில் சான்று: ‘புதுமனை புகுவிழா அழைப்பிதழ், பின்பக்கம்.’ அழைப்பிதழைப் படம் எடுத்து ஏற்றியும் இருந்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அழைப்பிதழாம்! படத்தைத் திறக்கக்கூட இல்லை. ஒரு கட்டுரையை நீக்கலாம் என்று யாராவது முன்மொழிந்தால், ஏழு நாள் எல்லோரும் விவாதிக்க வேண்டும், பிறகு நிர்வாகி முடிவெடுப்பார். அதுதான் முறை. முன்மொழிந்தேன். அன்று மின்வெட்டு. கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்க, வியர்வை கண்ணில் இறங்க, கைக்கு அகப்பட்ட ஒரு அட்டையால் விசிறிக்கொண்டே எழுதினேன்:

“அழைப்பிதழ் என்பது வேலை வெட்டி இல்லாதவர்கள் தங்கள் பெயரை அச்சில் பார்த்துப் பூரித்துக்கொள்ள அடிக்கும் தாள். அதன் பின்பக்கத்தில் வரலாறு எழுதுபவர் நாளை மளிகைச் சீட்டிலும் எழுதுவார்.”

(விசிறியது மச்சான் வீட்டுப் பத்திரிகை. கெட்டி அட்டை. நல்ல காற்று வந்தது.)

விவாதத்தில் முதலில் வந்தவர் ‘கயல்’ என்ற நிர்வாகி. யாரென்று தெரியாது, எந்த ஊரென்றும் தெரியாது. குரலே உயராத எழுத்து. “சான்று போதாது என்பது சரி. ஆனால் இந்த மொழி நாகரிக விதிக்குப் புறம்பானது. விதிப்பக்கத்தின் இரண்டாம் பத்தியைப் பார்க்கவும்.”

“அந்தப் பத்தியை எழுதியவனே நான்தான்” என்றேன்.

“தெரியும். அதனால்தான் நினைவூட்டத் தோன்றியது” என்றார்.

அதற்குப் பிறகு கட்டுரையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ‘வேலை வெட்டி இல்லாதவர்கள்’ என்பது தனிநபர் தாக்குதலா, பொதுப்படையான கருத்தா? ஒருவர், பெயரைச் சொல்லாத வரை அது தாக்குதல் ஆகாது என்றார். இன்னொருவர், வேலையின்மை ஒரு சமூகப் பிரச்சினை, அதை வசையாக்கக் கூடாது என்றார். மூன்று நாள், பக்கம் பக்கமாக. நான் ஒவ்வொரு பதிலையும் ஒரு வசன கவிதையாகச் செதுக்கினேன். ஆயிரம்அடி நடுவில் ஒரே ஒருமுறை வந்தார்: “எம்பட பேரு வேண்டாமுங்க. அர்த்தநாரியண்ணன் பேரு மட்டும் இருந்தாப் போதுமுங்க. கொஞ்சம் சீக்கிரம் சொன்னீங்கன்னா நல்லதுங்க.” அவசரம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. நான், “கலைக்களஞ்சியத்துக்கு அவசரம் கிடையாது” என்று ஒரு வரி போட்டேன். அதற்கும் எனக்கு உள்ளூரக் கைதட்டல்.

மூன்றாம் நாள் மதியம் கயல் எழுதினார்:

“தாக்கப்பட்டவர் யார் என்ற கேள்விக்கு விடை காண, சான்றைத் திறந்து பார்த்தேன். இதுவரை வேறு யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. பட்டியலில் ஏழாவது பெயர் ‘கவிஞர் க. மாதேஸ்வரன், எம்.ஏ., பி.எட்.’ மெய்யறிவன், தங்கள் பயனர் பக்கத்தில் இதே பெயர், இதே பட்டங்கள், இதே வரிசையில் உள்ளன. அது தாங்கள்தானா?”

கையில் விசிறி நின்றது. திருப்பினேன். பின்பக்கத்தில் பிள்ளையார் படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில்: ‘எங்களோடு உழைத்த அர்த்தநாரி அண்ணன் கண்டுபிடித்த நாரிப்பிடி வரலாறு.’ எழுத்துக்கள் என் விரல் ஈரத்தில் கொஞ்சம் கரைந்திருந்தன.

அரை மணி நேரத்தில் போன் வந்தது. எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். கோகிலா எடுத்துக் காதில் வைத்தாள். “ம்” என்றாள். “ம்” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். முருங்கைக்கீரை உருவும்போது பூச்சி அகப்பட்டால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. போனை நீட்டினாள்.

“மாப்ள.”

“மச்சான்.”

“அது ஏதோ மிசினுன்னு நெனச்சனுங்க மாப்ள. மனுசன் இப்படி எழுதுவானான்னு.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

“நாளைக்கு விசேசத்துக்கு வந்துருவீங்கல்லங்க?”

“வந்தர்றனுங்க மச்சான்.”

“வேலை வெட்டி இல்லாதவங்க எல்லாரும் காத்தால ஆறு மணிக்கே வந்துருவாங்க. நீங்களும் வந்துருங்க.”

வைத்துவிட்டார்.

போகாமல் இருக்க முடியாது. கூடப்பிறந்தவள் பால் பொங்க வைக்காமல் அண்ணன் வீட்டில் அடுப்பு எரியாது, கூடப்பிறந்தவளை வண்டியில் கொண்டுபோய் இறக்கவேண்டியவன் நான். பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தது என் மனைவியா, மச்சானின் தங்கையா என்று கேட்டிருந்தால் பதில் எனக்குத் தெரிந்தே இருந்தது.

பால் பொங்கியது. பந்தி நடந்தது. மைக் செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுக் கை கழுவி நழுவலாம் என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பாட்டு நின்றது.

“சொந்தபந்தங்களுக்கெல்லாம் வணக்கமுங்க” என்றது மச்சானின் குரல். “நம்ம மாப்ளை இன்டர்நெட்டுல எனக்கு எழுதுன கடுதாசி கொஞ்சம் இருக்குதுங்க. அத்தனை பேரும் கேக்கோணும்.”

போனைப் பார்த்துப் படித்தார். ஒரு எழுத்துப் பிசகாமல், செய்தி வாசிப்பது போல. ‘மதிப்பிற்குரிய பயனருக்கு’ என்றதும் பந்தியில் ஒரு சிரிப்பு. ‘தங்கள் கண்கள் நம்பகமான வெளியீடு அல்ல’ என்றதும் பாயச வாளியோடு நின்றவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ‘வேலை வெட்டி இல்லாதவர்கள்’ வந்தபோது பட்டியலில் பெயர் இருந்த மீதிப் பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர். ஒருவர் என் சொந்தத் தம்பி.

மைக்கை அணைத்துவிட்டு மச்சான் என்னிடம் வந்தார். கையில் சோறும் குழம்பும் வைத்த தூக்குப்போசி. “புடிங்க. அண்ணனுக்குச் சோறு குடுத்துட்டு வரலாம்.”

அர்த்தநாரி வீடு மூன்று வீடு தள்ளி. நடக்கும்போதுதான் மச்சான் சொன்னார். கல் தூசி. முப்பது வருடம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு குழி வாயில் நின்றதில் நெஞ்சு முழுக்கத் தூசி அடைந்துவிட்டது. வைத்தியர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். “கண்ணை மூடறதுக்குள்ள பேரைக் காட்டிப்போடலாம்னுதானுங்க மாப்ள இந்தப் பாடு.”

கட்டிலில் தலையணையை உயர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய். பக்கத்தில் சிலிண்டர். அவர் மனைவி செல்லம்மா விசிறிக்கொண்டிருந்தார். மச்சான், “அண்ணா, இவருதான்” என்றார். அதற்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை.

“அட, வாத்தியாரா,” என்றார் அர்த்தநாரி. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. “மொத நாளு தங்கவேலு காட்டுனான். பேரு இருந்துச்சு. செல்லா, நீயும் பாருன்னு போனை நீட்டறேன், இல்ல. நான் போறதுக்கு முந்தியே எடுத்துட்டாங்களேன்னு... சிரிச்சோம்.”

கட்டிலுக்கடியில் கிடந்த இரும்புக் குழாயைக் காட்டி, “இதுங்களா அது?” என்றேன். ஆமாம் என்று தலையசைத்தார். குனிந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். கவிஞனல்லவா, தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். சுலபமாக உள்ளே போயிற்று. வெளியே வரவில்லை. இழுத்தேன். நான்கு பட்டைகளும் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டன. இன்னும் இழுத்தேன், இன்னும் கவ்வின.

“இழுக்காதீங்க!” என்று மச்சான் கத்தினார். செல்லம்மா தேங்காய் எண்ணெய் எடுத்துவர ஓடினார். குழாயும் நானுமாகத் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அர்த்தநாரி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நாங்கள் மூவரும் பயந்து, பிறகு நின்றது.

“உள்ள தள்ளி... ஒருக்களிச்சுத் திருப்புங்க” என்றார். செய்தேன். விட்டுவிட்டது. மணிக்கட்டில் நான்கு சிவப்புக் கோடு.

“ஏனுங் வாத்தியாரே, அங்க பேரு ஏறோணும்னா என்னுங்க பண்ணோணும்?”

விளக்கினேன். சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் யாராவது புத்தகத்திலோ பேப்பரிலோ எழுதியிருக்க வேண்டும் என்று. பள்ளிக்கூடத்தில் விளக்குகிற அதே குரலில். வெட்கமாக இருந்தது.

அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார். “நாங்க போர் போட்ட பக்கமெல்லாம் பேப்பர்காரங்க வரலீங்களே. தண்ணிதான் வந்துச்சு.”

செல்லம்மா விசிறியை நிறுத்தவில்லை.

“இன்னும் எத்தனை நாளுங்க பேசுவாங்க?”

“மூணு நாளுங்க. மொத்தம் ஏழு நாள்.”

“மூணு நாளா.” சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார். “சரி. பாப்போம்.”

அன்று மாலையே உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன், எல்லோரிடமும், தனித்தனியாக. நீக்கல் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதினேன். சண்டைக்கு நடுவே மற்றவர்களும் நீக்கத்துக்கு வாக்களித்துவிட்டதால் இனித் திரும்பப் பெற முடியாது என்றார்கள். (அந்த விதி வேண்டும் என்று முன்பு வாதாடியவனும் நானே.) கட்டுரைக்கு ஆதரவாகப் பேசினேன். எனக்கு நலமுரண் இருக்கிறது, அதாவது சொந்தக்காரனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்றார்கள். உண்மைதான், ஏழாவது பெயர் என்னுடையது. இன்னொருவர், “அழைப்பிதழ் ஏன் சான்றாகாது என்பதை மெய்யறிவன் அவர்களே மிகத் தெளிவாக நிறுவியுள்ளார்” என்று என் மளிகைச் சீட்டு வாக்கியத்தை எனக்கே எடுத்துக்காட்டினார்.

கடைசியாக, நான் நேரில் போய்ப் பார்த்தேன், அந்தக் கருவி உண்மை, என் மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது என்று எழுதினேன்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பயனர் பதில் போட்டார்: “தங்கள் மணிக்கட்டு நம்பகமான வெளியீடு அல்ல.”

நல்ல வாக்கியம். என்னிடம் படித்தவர்.

சேலத்தில் பத்திரிகையில் வேலை செய்யும் ஒரு நண்பனைக் கூப்பிட்டேன். கேட்டதும் ஆர்வமாகத்தான் பேசினான். “அருமையான விஷயம்யா. வந்து ஆளைப் பார்த்து எழுதறேன். ஞாயிறு இணைப்புல போடலாம். ரெண்டு வாரம் குடு” என்றான். என்னிடம் இரண்டு நாள் இருந்தது.

ஐந்தாம் நாள் கயல் தனிச்செய்தி அனுப்பியிருந்தார். “விதியைப் பொறுத்தவரை நீங்கள் முதல் நாள் சொன்னதில் தவறில்லை. இன்றும் சான்று போதாதுதான். ஆனால் அன்றே ‘எங்காவது அச்சில் வரச் செய்ய முடியுமா, நான் உதவட்டுமா’ என்று ஒரு வரி கேட்டிருந்தால் அவருக்கு மூன்று வாரம் கிடைத்திருக்கும்.” இவ்வளவுதான் எழுதியிருந்தார். இதைவிட நாகரிகமாக யாரும் என்னை அடித்ததில்லை. விதி என்னை எங்கும் தடுக்கவில்லை. நான் நினைத்திருந்தால் முதல் நாளே எந்த ஊர் என்று கேட்டு, மல்லசமுத்திரத்துக்கு வண்டியை விட்டிருக்கலாம். ஒரு ‘ங்க’ எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆறாம் நாள் காலை அர்த்தநாரி இறந்துபோனார்.

ஏழாம் நாள் விவாதம் முடிந்தது. பொத்தானை அழுத்தியவர் கயல். காரணம் எழுதும் கட்டத்தில், ‘விவாத முடிவின்படி நீக்கம். வருந்துகிறேன்’ என்று இருந்தது. இரண்டாவது வாக்கியத்துக்கு எந்த விதியிலும் இடமில்லை. நான் மெய்யறிவனின் கடவுச்சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றாக மாற்றிவிட்டு வெளியே வந்தேன். இன்றுவரை அது என்னவென்று எனக்கே தெரியாது. நண்பன் இரண்டு வாரம் கழித்து, சொன்னபடியே மல்லசமுத்திரம் போனான். ஆள் இல்லாமல் எழுதினால் எடுபடாது என்று திரும்பி வந்துவிட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரம் செல்லம்மாவிடமிருந்து போன் வந்தது.

“ஏஞ்சாமி, ஒரு ஒத்தாசை வேணுங்க. எங்க ஊட்டுக்காரரு பேரை ரேசன் கார்டுல இருந்து எடுக்கோணுமாமா. தங்கவேலைக் கேட்டேன். பேரு எடுக்கறதெல்லாம் மாப்ளைதான் பண்ணுவாரு, அவரைக் கூப்புடுங்கன்னு சொன்னானுங்க.”

செல்லம்மா கேலி செய்தாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. திருச்செங்கோட்டில் ஒரு இ-சேவை மையம். கூட்டம். உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் கை ஒழியவில்லை, “சார், நீங்களே உள்ளிட்டுடறீங்களா?” என்று கணினியை என் பக்கம் திருப்பினாள். குடும்ப உறுப்பினர் பட்டியல் வந்தது. முதல் பெயர் அர்த்தநாரி. அரசாங்கத்தில் அச்சான பெயர், சுற்றிலும் கட்டம் போட்டு, பிழையில்லாமல் இருந்தது. காரணம்: இறப்பு. ஆவணம் கேட்டது. செல்லம்மா மடியிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துப் பிரித்து, கையால் நீவி, மேசையில் வைத்தார்.

“இதுக்கு எல்லாம் சரியா இருக்குதுங்க சாமி” என்றார். “பாத்துக்குங்க.”

நீக்கினேன்.

அதிலிருந்து அது என் வேலையாகிவிட்டது. எங்கள் சொந்தத்தில், கோகிலா பக்கத்துச் சொந்தத்தில், மச்சானோடு வண்டியில் போனவர்கள் வீடுகளில், யார் போனாலும் ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், கேஸ் இணைப்பு எல்லாவற்றிலும் பெயர் எடுக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இழவு வீட்டில் பந்தலுக்கு ஆள் சொல்லும்போதே மச்சான், “மாப்ளைக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்பார், அழுதுகொண்டிருப்பவர்கள்கூட முந்தானையில் வாயை மூடிக்கொள்வார்கள். அதை நான் பொறுத்துக்கொள்வேன். போன மாதம் மச்சானுக்கே நெஞ்சு வலி என்று சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் அவர் என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற நர்ஸைப் பார்த்துச் சொன்னார்:

“அம்மிணி, இவரை வெளிய அனுப்புங்க. இன்னும் மூச்சு இருக்குது.”